யாரோ தொட்டிருக்காக

நான் தொழுகைக்கு நிற்கும்போது என் முதுகு எந்தப் பக்கம் இருக்கிறதோ, அந்தப் பக்கந்தான் நம்முடைய சாட்டிலைட். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் தொழில்நுட்பம் என்று நான் சொல்லப்போவதில் பாதி இதுதான்.

நம் டிஷ் வேலைக்காரர் சங்கத்து ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று இளையவர்கள் இரண்டு மாதமாகக் கேட்கிறார்கள். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொன்னவன் நான். வேலைச் சீட்டைத் தவிர வேறெதையும் எழுதிப் பழக்கமில்லை. அதனால் தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தேன். போன வாரம் கம்பம் டவுனில் ஒரு லாட்ஜில், இருபது அறைக்கும் ஒரே டிஷ்ஷிலிருந்து இணைப்புக் கொடுத்துவிட்டு, நம் தம்பி ஒருவர் எனக்குப் போனில் படம் அனுப்பியிருந்தார். வேலை பார்க்க அவ்வளவு அழகு. வயரெல்லாம் வாரிச் சீவிய தலை மாதிரி வரிசையாகப் போகிறது. மாஷா அல்லாஹ் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே கீழே பார்த்தால் ஒரு வரி: “பாய், பதினாலாம் நம்பர் ரூம்ல மட்டும் வரலை. யாரோ தொட்டிருக்காக போல.”

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் பேனாவை எடுத்துவிட்டேன். பிஸ்மில்லாஹ்.

முதலில் முதுகு விஷயத்தை விளக்கிவிடுகிறேன். நம் பள்ளத்தாக்கில் எந்த மொட்டை மாடியில் ஏறினாலும் மேற்கு மலை கண்ணில் படும். அதைப் பார்த்து நின்று வலப்பக்கம் கொஞ்சம் திரும்பினால் கிப்லா, மக்காவின் திசை. ஐந்து வேளையும் நின்று பழகிய கால், கண்ணைக் கட்டி விட்டாலும் அங்கே போய் நிற்கும். அதற்கு நேர் எதிராகத் திரும்பி அண்ணாந்து பார்த்தால், தென்கிழக்கில் நல்ல உயரத்தில், நாங்கள் பிடிக்க வேண்டிய சாட்டிலைட். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இருக்கிறது. இருப்பதை நம்புவதற்குக் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை என்பது எனக்கு ஏற்கனவே பழக்கமான விஷயம்.

நான் வேலைக்குச் சேர்ந்தது தேனி பஜாரில் சாமுவேல் சார் கடையில். பரம்பரையாகப் பாத்திரக்கடை வைத்திருந்த குடும்பம். இவர் மட்டும் தனியாக டிஷ் கடை போட்டார். ஒல்லியாக, உயரமாக, வெள்ளைச் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு ஏணியில் ஏறும் மனிதர். முதல் நாள் என்னை ஒரு மாடிக்குக் கூட்டிப்போய், “நீ திசையை எப்படிப் பிடிக்கிறேன்னு பாப்போம்” என்றார். நான் கிப்லாவைப் பார்த்து நின்றேன். கால் சரியாக ஊன்றியிருக்கிறதா என்று கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டேன். அவரோ நான் தொழ ஆரம்பித்துவிட்டேன் என்று நினைத்து, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, கைகட்டி ஓரமாக நின்றுகொண்டார். நான் திடுமெனத் திரும்பி டிஷ்ஷைத் திருகியதும்தான் அவருக்குக் குழப்பம்.

“அதுக்குள்ள முடிச்சிட்டியா மைதீன்?”

“தொழலை சார். திசை பாத்தேன்.”

பையிலிருந்து பித்தளைக் காம்பஸை எடுத்து வைத்துப் பார்த்தார். இரண்டு விரற்கடை வித்தியாசம்.

“சரிதான். ஆனா மக்காவுக்கு முதுகைக் காட்டுதே, இந்தச் சட்டிக்குப் பாவம் வராதா?”

“சட்டிக்குத் தொழுகை கடமை இல்லை சார்.”

சிரித்தார். என் சர்வீஸில் அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது இரண்டே தடவை. இது ஒன்று. டிஷ்ஷுக்கு நம் ஊர்களில் சட்டி என்று பெயர் என்பது உங்களுக்குத் தெரியும். மலர் வெளியூருக்கும் போகுமாம், அதனால் சொல்லி வைக்கிறேன்.

சாருடைய வழிமுறை ஒரு தனி மாதிரி. மாடிக்குப் போனதும் ஸ்பேனரைத் தொட விடமாட்டார். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் சுற்றிப் பார்க்க வேண்டும். தென்னை எங்கே, தண்ணீர்த் தொட்டி எங்கே, கரண்டுக் கம்பி எங்கே. அவர் நிற்கும் தோரணையைப் பார்த்து வீட்டுக்காரர்களுக்குப் பயம் வந்துவிடும். போடியில் ஒருவர், “சார், சுவரு எங்க எல்லையிலதான் இருக்கு, பத்திரம் காட்டட்டுமா?” என்று உள்ளே ஓடிவிட்டார்.

அடுத்தது ‘பின்’, வயர் நுனியில் மாட்டும் இணைப்பு முனை. வயரின் மேல்தோலை ஒரு நகம் அளவு சீவ வேண்டும். உள்ளே இருக்கும் வலை இழைகளைப் பின்னால் மடிக்க வேண்டும். நடுச் செம்பு ஓர் அரிசி நீளம் வெளியே நீட்ட வேண்டும். ஒரே ஒரு இழை செம்பைத் தொட்டாலும் சார் அந்தப் பின்னை வெட்டி எறிந்துவிட்டு “திரும்பச் செய்” என்பார். அப்புறம் வயரைச் சுவரில் இறக்கும் இடத்தில் தொட்டில் மாதிரி ஒரு வளைவு விட வேண்டும், மழைத் தண்ணீர் பின்னுக்குள் போகாமல் அங்கேயே சொட்டிப்போக. கடைசியாக வேலைச் சீட்டு. என்ன சாமான் எங்கே போட்டோம் என்று அவரவர் கைப்பட எழுத வேண்டும்.

இன்னொன்று, வாடிக்கையாளரிடம் ‘கோளாறு’ என்ற சொல்லைச் சொல்லவே மாட்டார். “உங்க பெட்டிக்கும் வயருக்கும் ஒரு சின்ன அபிப்பிராய பேதம். பேசித் தீத்துடலாம்” என்பார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு நான் போகும் நேரத்தில் யாராவது என்னைக் கேட்டுக் கடைக்குப் போன் செய்தால், “மைதீன் மேலிடத்துத் தொடர்புல இருக்கார், ரெண்டு மணிக்குக் கிடைப்பார்” என்று சொல்லிவிடுவார். அவரும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடியாமல் கடைக் கதவைத் திறந்ததில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே அபிப்பிராய பேதம் வந்ததே இல்லை, ஒரே ஒரு தடவையைத் தவிர.

அந்தக் காலத்தில் எங்கள் உத்தமபாளையம் பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத், டிவி பெட்டி வீட்டைக் கெடுக்கும் என்று பயானில், அதாவது பிரசங்கத்தில், சொல்வார்கள். எனக்கு உறுத்தல். ஒரு நாள் போய்க் கேட்டுவிட்டேன், “ஹஜ்ரத், நான் செய்யிற தொழில் ஆகுமா?” கொஞ்சம் யோசித்துச் சொன்னார்கள்: “அவுக எதைப் பாக்கிறாகங்கிறது அவுக கணக்கு. நீ வயரைத்தானே இழுக்கிற? அதை நேரா இழு.” அன்றிலிருந்து நேராகத்தான் இழுத்தேன். சுவரில் ஆணி அடித்த வரிசையை நூல் பிடித்துப் பார்க்கலாம். வார்த்தையையும் நேராக இழுக்க வேண்டும் என்பது அப்போது தெரியவில்லை.

அந்த வார்த்தை எனக்கு எப்படி வாய்த்தது என்று சொல்கிறேன். ஜெயமங்கலத்தில் ஒரு வீடு. இரண்டு வாரமாகப் படம் மங்கிக்கொண்டே வருகிறது என்று புகார். மாடியில் போய்ப் பார்த்தால் சட்டி முழுக்கப் பீர்க்கங்கொடி. மஞ்சள் மஞ்சளாகப் பூ வேறு. வீட்டுக்கார அம்மா கூடவே மாடி ஏறி வந்தார்.

“ஆத்தா, கொடி மூடியிருச்சு. வெட்டணும்.”

“பூ விட்டிருக்கே பாய், வெட்டலாமா? காச்சு முடியட்டும்.”

“அப்பப் படம் வராது ஆத்தா.”

“வராம என்ன? மேல உள்ளவன் அனுப்புறதை ஒரு கொடியா தடுத்துரும்?”

கொடியை மெதுவாக எடுத்துப் பக்கத்துக் கம்பியில் படரவிட்டுவிட்டு இறங்கி வந்தேன். வீட்டுக்காரர் வாசலில் நின்று, “என்ன பாய், எதனாலே?” என்று கேட்டார். அந்த அம்மா அவருக்குப் பின்னால் நின்று என்னையே பார்க்கிறார். மனைவி வளர்த்த கொடி என்று சொன்னால் அங்கே வேறு படம் ஓடும். வாயில் வந்ததைச் சொன்னேன்: “யாரோ தொட்டிருக்காக.”

எல்லாருக்கும் நிம்மதி. நான் கிளம்பும்போது அந்த அம்மா ஒரு சொம்பு மோர் கொடுத்தார்.

அன்றிலிருந்து அது எனக்கு ஸ்பேனர் மாதிரி கைக்கு அடக்கமான சாமானாகிவிட்டது. காரணம் தெரியாவிட்டால் யாரோ தொட்டிருக்காக. தெரிந்தும் சொல்ல முடியாவிட்டால் யாரோ தொட்டிருக்காக. நம் பள்ளத்தாக்கில் இதைச் சொல்லாத டிஷ் ஆள் இருந்தால் கையைத் தூக்கட்டும். ‘யாரோ’ என்றால் யாரும் இல்லை, அதனால் யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்திருந்தேன்.

இப்போது சின்னமனூர் வீட்டுக்கு வருகிறேன்.

ஊருக்கு வெளியே வாழைத் தோப்புக்குள் ஒரே வீடு, இரண்டு பாகம். வடக்கே பெரியவர் சடையாண்டியும் அவர் மனைவி பேச்சியம்மாளும். தெற்கே அவர் தம்பி ராசேந்திரனும் மனைவி செல்வியும். நடுவில் பொது முற்றம். அடுப்பு இரண்டு, தோப்பு ஒன்று, மோட்டார் ஒன்று. அண்ணனும் தம்பியும் ஒரே வண்டியில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போவார்கள். சுற்றிலும் தென்னை என்பதால் தென்கிழக்கு வானம் தெரியும் இடம் பெரியவர் பக்கத்து மாடியில் ஒரு மூலை மட்டுந்தான். ஆகவே ஒரு சட்டி, இரண்டு பெட்டி.

அதற்கு இரண்டு வாய் உள்ள எல்.என்.பி. போட வேண்டும். சட்டிக்கு முன்னால் கை நீட்டியபடி ஒரு குமிழ் இருக்கிறதே, அதுதான் எல்.என்.பி. அன்றைக்குக் கடையில் ஒரு வாய் உள்ளதுதான் இருந்தது. “நாலு நாள்ல வந்துரும், காத்திருக்கச் சொல்லு” என்றார் சார். ஆனால் மறுநாள் தீபாவளி.

“சிறப்பு நிகழ்ச்சி எல்லாம் போயிருமே பாய்! இம்புட்டு தூரம் வந்துட்டு வெறுங்கையோட போறீகளா?” என்றார் பேச்சியம்மாள். தெற்கே இருந்து செல்வியும், “ஆமா பாய், எங்களுக்கும் சேத்து ஏதாவது பண்ணிவிடுங்க” என்றார்.

என் பையில் தெருக் கேபிள்காரர்கள் போடும் ஸ்பிளிட்டர் ஒன்று கிடந்தது. ஒரு வயரை இரண்டாகப் பங்கு போடும் தீப்பெட்டி அளவு டப்பா. மாட்டினேன். வடக்கே படம் வந்தது, தெற்கேயும் வந்தது. இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் கை தட்டினார்கள். நான் அந்த டப்பாவைக் கறுப்பு டேப்பால் சுற்றிக் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். சீட்டில் ‘ஒரு சட்டி, இரண்டு பெட்டி, படம் தெளிவு’ என்று எழுதினேன். டப்பாவைப் பற்றி எழுதவில்லை. நாலு நாளில் மாற்றிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அப்புறம் மழை, அப்புறம் புகார் மேல் புகார், அப்புறம் மறந்தே போனேன்.

பத்து நாளில் பெரியவர் கூப்பிட்டார். “நியூஸ் பாத்துக்கிட்டே இருக்கையில பொசுக்குன்னு போயிருது பாய். தானா வருது, தானா போகுது.”

பகல் பதினோரு மணிக்குப் போனேன். தம்பி தோப்பில் இருந்தார், தெற்கே டிவி ஓடவில்லை. பெரியவர் பெட்டியில் சிக்னல் கண்ணாடி மாதிரி இருக்கிறது. பின்னைக் கழற்றி மாட்டினேன். “எங்க பக்கம் ஒரு குறையும் இல்லைங்க. யாரோ தொட்டிருக்காக.”

பெரியவர் தெற்குப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். தண்ணீர்த் தொட்டியும் சட்டி இருக்கும் அதே மாடியில்தான் இருக்கிறது. வால்வைத் திறக்கத் தம்பி தினமும் மேலே ஏறுவார்.

அடுத்த வாரம் தம்பி கூப்பிட்டார். கிரிக்கெட் பார்க்கும்போது மட்டும் படம் போகிறதாம். நான் போன நேரம் பெரியவர் சந்தையில். பேச்சியம்மாளும் டிவியை அணைத்துவிட்டு வாழை இலை நறுக்கிக்கொண்டிருந்தார். தம்பி பெட்டியில் எல்லாச் சேனலும் ஜம்மென்று வருகிறது. “யாரோ தொட்டிருக்காக” என்றேன். தம்பி வடக்குப் பக்கம் பார்த்தார். சட்டி இருப்பது அண்ணன் மாடியில் அல்லவா?

இப்படி நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் ஒரு பெட்டி மட்டும் ஓடும்போதுதான் போவேன், எல்லாம் சரியாக இருக்கும், அதே வார்த்தையைச் சொல்லிவிட்டு வருவேன். அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் மாற்றி மாற்றி நான்தான் சாட்சி சொல்லியிருக்கிறேன் என்று எனக்கு விளங்கவேயில்லை.

இதில் ஒரு வேடிக்கை. சாயங்காலம் ஏழரை மணி சீரியல் ஓடும்போது மட்டும் இரண்டு பக்கமும் படம் நன்றாக வரும். “எல்லா வீட்டுக்கும் ஏழரை வந்தாத்தான் பாய் சண்டை. எங்க வீட்டுல ஏழரைக்கு மட்டுந்தான் சமாதானம்” என்றார் செல்வி. பக்கத்தில் குச்சனூருக்குப் போய்ச் சனீஸ்வரருக்கு இரண்டு பெண்களும் சேர்ந்தே எள் விளக்குப் போட்டுவிட்டு வந்தார்கள். ஆண்கள் இரண்டு பேரும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள்.

ஐந்தாவது தடவை தம்பிதான் கூப்பிட்டார், குரல் கம்மிப்போயிருந்தது. பெரியவர், “நீ தொடலைன்னா சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணு” என்றாராம். இவரும் எரியும் சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தாராம். அப்படியும் மறுநாளே நியூஸ் போய்விட்டது. பெரியவர், “பொய்ச் சத்தியம் பண்றவன்கூட ஒரே முத்தத்துல புழங்க மாட்டேன்” என்று சொல்லிக் கொத்தனாரை வரச் சொல்லிவிட்டார். முற்றத்தின் நடுவே சுவர் வருகிறது. அடுத்தது மோட்டாரைப் பிரிக்க வேண்டும், அப்புறம் தோப்பு.

“நீங்களே சொல்லுங்க பாய், யார் தொட்டிருப்பாக?” என்றார்.

மதுரையில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போக வேண்டும், வந்து பார்க்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

பயிற்சி வகுப்பு பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதல் நாள் தூங்கினேன். இரண்டாம் நாள் அந்த வகுப்பு ஆசிரியர் பலகையில் எழுதினார்: வானத்திலிருந்து சேனல்கள் பாதி நின்றபடி வருகின்றன, பாதி படுத்தபடி வருகின்றன. பெட்டி மேலே பதிமூன்று வோல்ட் அனுப்பினால் எல்.என்.பி. நின்றவற்றைக் கொடுக்கும். பதினெட்டு அனுப்பினால் படுத்தவற்றைக் கொடுக்கும். அதனால் ஒரு வாய் எல்.என்.பி.யில் ஸ்பிளிட்டர் போட்டு இரண்டு பெட்டி மாட்டக் கூடாது. ஒருவர் பதினெட்டு கேட்டால் பதினெட்டுதான் ஜெயிக்கும், பதிமூன்றில் இருப்பவருக்குப் படம் போய்விடும்.

அண்ணன் பாட்டுச் சேனல் வைத்தால் தம்பிக்குக் கிரிக்கெட் போகும். தம்பி வீட்டில் வேறொன்று வைத்தால் அண்ணனுக்கு நியூஸ் போகும். ஏழரைக்கு இரண்டு பெண்களும் ஒரே சீரியல், ஒரே வோல்ட், ஒரே சமாதானம்!

நான் எழுந்து நின்றுவிட்டேன் போலிருக்கிறது.

“என்ன பாய், பசிக்குதா?” என்றார் ஆசிரியர்.

“இல்லை சார். சின்னமனூர் ஞாபகம் வந்துருச்சு.”

வகுப்பு சிரித்தது. பஸ்ஸில் ஆண்டிபட்டி கணவாய் தாண்டும் வரைக்கும் ஓதிக்கொண்டே வந்தேன். வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிட, ஒருவர் சூடத்தை அணைத்த கை. நான் ஒளித்து வைத்த டப்பாவுக்காக அவர் கை சுட்டிருக்கிறது.

தேனியில் இறங்கி நேராகக் கடைக்குப் போய்ச் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடியும் கழற்றித் துடைத்தார்.

“சுவர் எத்தனை வரிசை வந்திருக்கு?”

“தெரியலை சார்.”

“நான் காத்திருக்கச் சொன்னேன் மைதீன்.”

அவ்வளவுதான். எங்களுக்குள் வந்த ஒரே அபிப்பிராய பேதம் அதுதான், அதுவும் அந்த ஒரு வரிதான். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அலமாரியைத் திறந்து இரண்டு வாய் எல்.என்.பி. ஒன்றை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “காலையில வெள்ளன கிளம்புவோம்.”

மறுநாள் சுபுஹு தொழுகை முடித்து, எட்டு மணிக்கெல்லாம் அங்கே இருந்தோம். சுவர் நெஞ்சு உயரம் வந்திருந்தது. கொத்தனார் அதன் மேலேயே காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வடக்கே அண்ணன், தெற்கே தம்பி. இரண்டு பேரும் கொத்தனாரிடம் மட்டுந்தான் பேசுகிறார்கள். சார் மாடிக்கு ஏறி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். “நீ பேசு. நான் சட்டியைப் பாக்கிறேன்.”

நான் இரண்டு டிவியையும் முற்றத்துக்குக் கொண்டுவரச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்குள் யாரும் கால் வைக்க மாட்டார்களே! வயரை இழுத்து, சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு டிவி, அந்தப் பக்கம் ஒரு டிவி. இரண்டையும் ஒரே நேரத்தில் பார்க்க முடிந்தவர் சுவர் மேல் இருந்த கொத்தனார் மட்டுந்தான். அவரே நடுவர்.

“சின்னவரே, நீங்க கிரிக்கெட்டை வைங்க. பெரியவரே, நீங்க நியூஸ்.”

“ரெண்டும் வருது!” என்றார் கொத்தனார்.

“பெரியவரே, இப்பப் பாட்டுச் சேனல்.”

“இங்கன பாட்டு, அங்கன கருப்பு!”

“மறுபடி நியூஸ்.”

“ஏலே, கிரிக்கெட் வந்துருச்சுய்யா!”

“சின்னவரே, நீங்க இப்பச் சீரியல் சேனலை வைங்க.”

“அங்கன பொம்பளை அழுகுது, இங்கன நியூஸ் அவிஞ்சு போச்சு!” கொத்தனாருக்கு உற்சாகம் தாங்கவில்லை, டீ கொட்டிவிட்டது. “அண்ணே, இன்னொருக்கா பாட்டு வைங்கண்ணே!”

அண்ணனும் தம்பியும் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு முதல் தடவையாகச் சுவருக்கு மேலே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

“அப்ப மேல யாரு தொட்டது?” என்றார் பெரியவர்.

அதற்குள் சார் மேலே கழற்றிக் கீழே போட்ட, கறுப்பு டேப் சுற்றிய டப்பா என் கையில் இருந்தது. அதைச் சுவர் மேல் வைத்தேன்.

“யாரும் தொடலை. நான்தான் தொட்டேன். தீபாவளிக்கு முத நாள் இதை மாட்டினதும் நான்தான். மறைச்சதும் நான்தான். தெரியாம உங்க ரெண்டு பேருகிட்டயும் அந்த வார்த்தையைச் சொன்னதும் நான்தான்.”

பேச்சியம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தார், அதுவும் புருசனைப் பார்த்து. “கை வெந்துபோயி ஒரு வாரமா களிம்பு தடவிக்கிட்டுத் திரியிறாரு உங்க தம்பி. இப்பவாவது என்னன்னு கேளுங்க.”

பெரியவர் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பினார். “தொழுகுற மனுசன் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நம்புனேன் பாய்.”

தலையைக் குனிந்து நின்றேன். அப்போது தம்பி, “விடுங்கண்ணே, அவுகளாவது வந்து சொன்னாக. நம்ம ரெண்டு பேரும் டிவியை மாத்தி மாத்தி வச்சு ஒருக்காவாவது பாத்தமா?” என்றார். எட்டு வாரத்துக்குப் பிறகு அவர் ‘அண்ணே’ என்று சொன்னது அதுதான் என்று செல்வி பின்னால் சொன்னார். பெரியவர் மூக்கைச் சிந்தினார். வேறு யாராவது என்றால் அழுகை என்று சொல்லியிருப்பேன். அவர் சளி என்று சொல்லிவிட்டார், நானும் அப்படியே எழுதுகிறேன்.

இரண்டு வாய் எல்.என்.பி.யை மாட்டி முடித்துவிட்டு மாடியிலிருந்து சார் குரல் கொடுத்தார். “ரெண்டு பேரும் அவங்கவங்க இஷ்டத்துக்கு வைங்க!”

வடக்கே பாட்டு, தெற்கே கிரிக்கெட். கொத்தனார் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, “ரெண்டும் வருது” என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. பிறகு, “அப்ப மேக்கொண்டு கல்லு ஏத்தவா, இடிக்கவா?”

“ஏத்தவும் வேணாம், இடிக்கவும் வேணாம். மேல பூசிவிட்டுட்டுப் போ” என்றார் பெரியவர்.

மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த சார் சிரித்தார். அதுதான் இரண்டாவது தடவை.

என் வேலை போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் மறு வாரம் அச்சகத்திலிருந்து புது வேலைச் சீட்டு வந்தது. அதில் ‘குறிப்பு’ என்ற இடத்துக்குக் கீழே புதிதாக ஒரு கட்டம்: ‘தொட்டவர்’. சார் ஒன்றும் சொல்லவில்லை, முதல் சீட்டை என்னிடம் நீட்டினார். சின்னமனூர் வேலைக்கு நானே என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை, எந்த வீட்டில் எதைத் தொட்டாலும் அந்தக் கட்டத்தில் என் பெயர்தான். வீட்டுக்காரர் தொட்டிருந்தால் அவர் பெயர். குரங்கு தொட்டிருந்தால் குரங்கு. ‘யாரோ’ என்று ஒரு சீட்டிலும் கிடையாது.

அந்த வீட்டில் பிள்ளைகள் வளர்ந்தார்கள், அறைகள் கூடின. இரண்டு வாய் போதாமல் மல்டி ஸ்விட்ச் போட்டேன். தம்பிமார்களே, இதைக் கவனியுங்கள். மல்டி ஸ்விட்ச் என்பது ஒன்றுமில்லை, எந்தப் பெட்டி எதைக் கேட்கிறதோ அதற்கு அதை மட்டும் கொடுக்கும். அடுத்த பெட்டி கேட்டதில் கை வைக்காது. இப்போது அங்கே ஒரு சட்டியில் எட்டுப் பெட்டி ஓடுகிறது. ஸ்விட்ச்சை எங்கே பொருத்துவது என்று வந்தபோது, வடக்குக்கும் தெற்குக்கும் சரிசம தூரத்தில், மழை படாமல் ஒரு கூரைத் தகடு போட்டு, அந்த நெஞ்சு உயரச் சுவரில்தான் பொருத்தினேன். அதன் மேலே பெண்கள் மிளகாய் காயப்போடுகிறார்கள். ஆண்கள் இரண்டு பேரும் அதில் முழங்கையை ஊன்றிக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று வாழை விலை பேசுகிறார்கள். சுவர் இல்லாத காலத்தில்கூட அவ்வளவு பேசியதில்லை என்கிறார் பேச்சியம்மாள்.

கம்பத்துத் தம்பிக்கு நான் பதில் அனுப்பிவிட்டேன்: பதினாலாம் நம்பர் அறைக்குப் போகும் பின்னைக் கழற்றிப் பார், ஒரு இழை செம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஒரு மணி நேரத்தில், “ஆமா பாய், நான்தான் பின் போட்டேன்” என்று பதில் வந்தது. தேறிவிடுவார்.

ஓய்வு பெற்ற பிறகும் சின்னமனூர் வீட்டுக்காரர்கள் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். போன மாசம் மழையில் படம் போயிருக்கிறது. போனில் முதலில் பெரியவர் குரல், பின்னாலேயே தம்பி குரல், இரண்டு பேரும் ஒரே போனில்.

“பாய், படம் வரலை.”

“எப்பலேருந்து?”

“காலையிலேருந்து. இங்கன யாரும் தொடலை பாய். நீங்க வந்து தொடுங்க.”